இது தேவ கோபமா?



நவம்பர் மாதம் உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களின் மாதம். நம் கடற்கரை ஊர்களில் இம்மாதத்தின் கடைசி நாளுக்கு வேறொரு துக்கமும் சேர்ந்திருக்கிறது. 2017-ம் வருஷம் நவம்பர் 30ந் தேதி குமரிக் கடலில் எழும்பின ஒக்கிப் புயல், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான மீனவரைக் கொண்டுபோயிற்று. பலருடைய சரீரம் கரை சேரவேயில்லை. கல்லறையில்லாத அவர்களுக்காக அன்று பூசை ஒப்புக்கொடுக்கிறோம்.

அந்த நாட்களில் நான் இதே கரையில் வேறொரு பங்கில் இருந்தேன். பிரேதமில்லாமலே நடந்த ஒரு துக்கப் பூசை முடிந்ததும், ஒரு தாய் கோவில் வாசலில் என்னை நிறுத்தி, "சாமி, என் மகன் என்ன பாவம் செய்தான்? சர்வேசுரனுக்கு எங்கள் மேல் இவ்வளவு கோபமா?" என்று கேட்டாள். "எல்லாம் தேவ சித்தம், அம்மா" என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விட்டேன். நான் சொன்னது பொய்யல்ல. ஆனாலும் அவள் கேட்டதற்கு அது பதிலாகவில்லை. அவள் முகம் இன்றைக்கும் என் கண் முன் நிற்கிறது.

சேசுநாதரிடமும் இதே கேள்வி வந்ததுண்டு. அர்ச். லூக்காஸ் எழுதின சுவிசேஷத்தின் 13-ம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். சீலோவேயில் ஒரு கோபுரம் இடிந்து 18 பேர் மாண்டார்கள். அவர்கள் மற்ற ஊராரைவிடப் பெரிய பாவிகள் என்று ஜனங்கள் நினைத்தார்கள். ஆண்டவர் அப்படியல்லவென்று தெளிவாக மறுத்தார். அதோடு நிற்காமல், செத்தவர்களுடைய பாவத்தைத் தேடிக்கொண்டிருந்தவர்களை அவரவர் சொந்த நடத்தையைப் பார்க்கும்படி திருப்பியும் விட்டார். ஆகையால் செத்தவன் என்ன பாவம் செய்தான் என்று கேட்பதை விட்டுவிட்டு, கடலுக்கு மனிதன் என்ன செய்தான் என்று விசாரிப்போம்.

நடுமத்தியானத்தில் நம் கடற்கரை மணலில் வெறுங்காலோடு நடக்க முடியாது. அதே வெயில்தான் தண்ணீரிலும் விழுகிறது. அங்கே கால் வைத்தால் சுடுகிறதில்லை. இரவில் மணல் சீக்கிரம் குளிர்ந்துபோக, கடல் தண்ணீரோ வெதுவெதுப்பாயிருக்கிறது. தண்ணீர் சூட்டை மெள்ள வாங்கும், நிறைய வாங்கும், மெள்ளத்தான் விடும். வானமண்டலத்துக் காற்று முழுவதும் ஏற்கக்கூடிய உஷ்ணத்தைக் கடலின் மேல்மட்டத்தில் ஏறக்குறைய மூன்று மீட்டர் தண்ணீரே ஏற்றுக்கொள்ளும். சமுத்திரத்தின் சராசரி ஆழமோ ஏறக்குறைய 3,700 மீட்டர்! சிருஷ்டிகர் எப்பேர்ப்பட்ட பாத்திரத்தை நமக்காக வைத்திருக்கிறாரென்று யோசித்துப் பாருங்கள்.

இந்தப் பாத்திரத்தில் நாம் கொட்டினது என்ன? நிலக்கரி, பெட்ரோல், டீசல் எதை எரித்தாலும் கரியமில வாயு உண்டாகிறது. அது கம்பளி போன்றது. சூரிய வெளிச்சத்தை உள்ளே விடும். பூமி திருப்பி அனுப்பும் சூட்டை எளிதில் வெளியே விடாது. அளவாயிருந்தால் அது தேவ உபகாரமே. அப்படிப்பட்ட வாயுக்கள் இல்லாவிடில் பூமி உறைந்துபோகும். இது நேற்று முளைத்த கொள்கையென்று சிலர் பரிகாசம் பண்ணுகிறார்கள். 1856-ம் வருஷத்திலேயே யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்க மாது கண்ணாடிக் குழாயில் இவ்வாயுவை அடைத்து வெயிலில் வைத்து, சாதாரணக் காற்றைவிட அது அதிகம் சூடேறுவதையும், ஆறுவதற்கு வெகு நேரமெடுப்பதையும் கண்டாள். யந்திரத் தொழில்கள் பெருகுமுன் பத்து லட்சம் பங்கு காற்றில் 280 பங்கு இருந்த இந்த வாயு, இப்போது 420 பங்குக்கு மேல் ஏறியிருக்கிறது.

இதனால் பூமியில் தங்கிப்போன மிகுதி உஷ்ணத்தில் 100-க்கு 90 பங்கைச் சமுத்திரம் வாங்கிக்கொண்டது. இது ஊகமல்ல. ஆர்கோ என்னும் மிதவைகள் ஏறக்குறைய 4,000 உலகக் கடல்களில் மிதக்கின்றன. அவை 2,000 மீட்டர் ஆழத்துக்கு மூழ்கி, பத்து நாளுக்கொரு முறை மேலே வந்து, தண்ணீரின் சூட்டையும் உப்பையும் செயற்கைக் கோள் வழியாகத் தெரிவிக்கின்றன. நம் இந்து சமுத்திரத்தின் வெப்பப் பகுதியில் மேல்மட்டத் தண்ணீர் 1951 முதல் 2015 வரைக்கும் ஏறக்குறைய ஒரு டிகிரி சூடேறிற்று. ஒரு டிகிரிதானே என்று சொல்லாதீர்கள். சரீரத்தில் ஒரு டிகிரி ஏறினால் பிள்ளை படுத்துவிடுகிறதே!

சூடான கடல்தான் புயலுக்குத் தீனி. மேல்மட்டத் தண்ணீர் ஏறக்குறைய 26½ டிகிரிக்கு மேலிருந்தால் அதிலிருந்து எழும்பும் நீராவி, உயரத்தில் மழைத்துளியாகும்போது தான் சுமந்துபோன உஷ்ணத்தை விட்டுவிடும். அந்த உஷ்ணமே காற்றைச் சுழற்றுகிறது. சாதாரணமாய்ப் புயலின் அலைகள் கடலைக் கலக்கி, அடியிலுள்ள குளிர்ந்த தண்ணீரை மேலே கொண்டுவரும். அதனால் புயல் தானே தன் அடுப்பை அவித்துக்கொள்ளும். வெகு ஆழம் வரை தண்ணீர் சூடாயிருந்தால் அடுப்பு அவிகிறதில்லை. ஒக்கி, 29ந் தேதி வெறும் தாழ்வு மண்டலமாயிருந்து மறுநாளே புயலாயிற்று. டிசம்பர் 1ந் தேதி கடும்புயலாகி அரபிக்கடலில் போனது. பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்கள் எங்கே ஓடுவார்கள்?

நான் இங்கே நிதானமாய்ப் பேசவேண்டும். அந்த ஒரு புயலை மனிதன்தான் உண்டாக்கினானென்று நான் சொல்லவில்லை. புயல்கள் நம் முன்னோர் காலத்திலும் இருந்தன. கரையைக் கடல் அரிப்பதற்கும் மணல் அள்ளினது, கண்ட இடத்தில் கல் போட்டது என்று வேறு காரணங்கள் உண்டு. ஆனால் சூடேறின தண்ணீர் கொடும்புயலுக்குத் துணைபோகிறதென்பதும், கொஞ்ச காலமாய் அரபிக்கடலில் கொடும்புயல்கள் அதிகப்பட்டிருக்கின்றனவென்பதும் மெய்.

சூடு மாத்திரமல்ல, நாம் விடும் கரியமில வாயுவிலும் கால் பங்கு போலக் கடல் குடித்துவிடுகிறது. சோடாவில் சுருக்கென்று நாக்கைப் பிடிக்கிறதே, அதே வாயுதான். கடல் புளித்துப்போகவில்லை, என்றாலும் அதன் அமிலத்தன்மை முன்னிருந்ததைவிடக் கால் பங்குக்கு மேல் கூடியிருக்கிறது. சிப்பிக்கும் சங்குக்கும் பவளத்துக்கும் ஓடு சுண்ணாம்பால் ஆனது. அந்த ஓட்டைக் கட்ட அவைகளுக்கு இனி அதிகப் பாடு.

நாளைக்கே உலகமெல்லாம் புகையை நிறுத்தினாலும், ஆழ்கடல் சூடேறுவதும் கடல் மட்டம் உயர்வதும் நூற்றாண்டுக் கணக்கில் நீடிக்கும். ஞானோபதேசம் படித்த உங்களுக்கு இது விளங்கும். பாவசங்கீர்த்தனத்தில் பாவம் பொறுக்கப்பட்டாலும் அநித்திய ஆக்கினை தீரவேண்டியிருக்கிறதல்லவா? ஆனால் ஒரு வித்தியாசமுண்டு. உத்தரிக்கிற ஸ்தலத்தில் அவனவன் தன் கடனைத் தான் தீர்க்கிறான். கடலிலோ ஒருவன் பட்ட கடனை வேறொருவன் கட்டுகிறான். கரியமில வாயுவில் அமெரிக்காவில் ஒருவருடைய பங்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 14 டன், இந்தியாவில் 2 டன், கட்டுமரக்காரனுக்கு அதுவுமில்லை. அநீதி இங்கேதான் இருக்கிறது. 2015-ம் வருஷம் பாப்பரசர் பிரான்சிஸ், 'லவ்தாத்தோ சீ' என்னும் நிருபத்தில், பூமிக்குச் செய்யும் கேடு முதலில் ஏழைகள் தலையில் விழுகிறதென்று காட்டி, இவ்விஷயத்திலும் மனந்திரும்பும்படி கேட்டுக்கொண்டார்.

நம் விசைப்படகுகளும் டீசல் எரிக்கின்றன. பிழைப்புக்காக எரிப்பதை நான் குற்றம் சொல்லவில்லை. நம் பத்து நாள் திருவிழாவிலே விடிய விடிய ஓடுகிற ஜெனரேட்டரைப் பற்றித்தான் என் மனச்சாட்சி உறுத்துகிறது. இவ்வருஷம் இரவுச் சடங்குகள் முடிந்தவுடன் அலங்கார விளக்குகளை அணைத்துவிடலாமென்று திருவிழாக் கமிட்டியாரிடம் சொல்லியிருக்கிறேன். சிலருக்கு வருத்தம், பக்கத்து ஊரார் சிரிப்பார்களென்கிறார்கள். இதனால் சமுத்திரம் குளிர்ந்துவிடாதென்பது எனக்கும் தெரியும். மற்றவர்களிடம் நியாயம் கேட்கப்போகிறவன் தன் வீட்டு விளக்கைப் பார்த்துவிட்டுத்தானே போகவேண்டும்? மிச்சமாகும் பணம், ஆழ்கடலில் எச்சரிக்கை கேட்கும் கருவி வாங்க முடியாத படகுக்காரருக்குக் கொடுக்கப்படும். இது பற்றிப் பேச விருப்பமுள்ளவர்கள் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப்பின் அறை வீட்டுக்கு வரலாம்.

30ந் தேதி காலை 6 மணிக்குப் பூசை. கடலில் மாண்டவர்களின் பெயர்கள் வாசிக்கப்படும். விட்டுப்போன பெயரிருந்தால் முந்தின நாள் சாயங்காலத்துக்குள் உபதேசியாரிடம் எழுதிக்கொடுங்கள். பூசை முடிந்ததும் நான் அந்தப் பழைய பங்குக்குப் போகிறேன். அந்தத் தாய் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அவளுக்கு நான் ஒரு பதில் பாக்கி.

உங்கள் பங்குச் சுவாமியார்