பங்கு நமக்கு, பழி யாருக்கு?

பெசன்ட் நகர்க் கடற்கரையிலே, ஷ்மிட் நினைவுச் சின்னத்தின் அருகே, நண்பரொருவர் நம்மைக் கேட்டார்: "பத்தாயிரம் ரூபாய் இருக்குமா? அருமண் சுரங்கப் பங்குகளிலே போடுவோம். இரண்டே ஆண்டில் இரட்டிப்பாகும்!" பள்ளி ஆசிரியருக்குப் பத்தாயிரம் சிறு தொகையன்று, ஆசையும் சிறிதன்று. பிறரைக் காக்கக் கடலில் இறங்கி 1930-இல் உயிர்நீத்த டென்மார்க் நாட்டவருக்கு எழுப்பிய சின்னம் அது. அதன் நிழலிலே இலாபக் கணக்குப் போட்டோம் நாம்!

நண்பர் விளக்கினார். செல்பேசியிலே, மின் ஊர்தியிலே, காற்றாலையிலே நியோடிமியக் காந்தம் வேண்டும். அருமண் தனிமங்களைப் பிரித்தெடுப்பதிலே சீனத்துக்கே முதலிடம். அந்நாடு 2025 ஏப்ரலில் ஏழு தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஆகவே, பிற நாட்டுச் சுரங்கப் பங்குகள் ஏறியே தீரும்! ஏறலாம். ஆனால் 2010-லும் இதே ஆரவாரம் எழுந்தது. அவ்வாண்டு பங்கு வெளியிட்ட அமெரிக்காவின் மாலிகார்ப் நிறுவனம் 2015-இல் திவாலாயிற்று. சாதகக் கட்டைச் சாடும் தோழர்கள் சந்தைச் சோதிடத்துக்கு மட்டும் தலைவணங்கலாமோ?

நட்டம் வருமென்ற அச்சம் கிடக்கட்டும். இலாபமே வருகிறது என்று கொள்வோம். எவர் வீட்டிலிருந்து வருகிறது?

இந்த மண் நமக்குப் புதிதன்று. 1909-இல், அன்றைய திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலிலே மோனசைட் இருப்பதைக் கண்டார் ஷோம்பெர்க் எனும் செருமானியர். மணவாளக்குறிச்சி மணல் கப்பலேறிற்று. அதிலுள்ள தோரியம் காஸ் விளக்கு மேண்டிலுக்குத் தேவைப்பட்டது. மேலைநாட்டுத் தெருக்கள் ஒளிர்ந்தன. 1950-இல் இந்திய அருமண் நிறுவனம் தோன்றியது. அது முழுவதும் மைய அரசின் உடைமை. அதன் பங்கு சந்தையில் கிடைக்காது. குமரி மாவட்டத்திலே மேலும் மணல் எடுக்க அது முனைந்தபோது, 2024-இல் கடலோர ஊர்கள் கொதித்தெழுந்தன. மோனசைட்டை அகற்றினால் கதிர்வீச்சு குறையும் என்கிறது நிறுவனம். கடலும் கரையும் கெடும், நோய் பெருகும் என்கிறார்கள் மீனவர்கள். மண் தெய்வம், தோண்டாதே என்று நாம் சொல்லமாட்டோம். அளந்து காட்டுக, அளப்பவர் யாரென்றும் காட்டுக என்போம்.

இங்கே பங்கு கிடைக்காததால் நண்பரின் பணம் கடல் கடக்கிறது. கடலுக்கு அப்பால் எவர் கொதித்தாலும் நம் காதில் விழுமோ? மலேசியாவிலே, ஈப்போ அருகே புக்கிட் மேராவில், மோனசைட்டிலிருந்து அருமண் பிரித்த ஆலையின் கதிரியக்கக் கழிவை எதிர்த்து மக்கள் நீதிமன்றம் ஏறினர். 1992-இல் வென்றனர், 1993-இல் மேல்முறையீட்டிலே தோற்றனர். ஆயினும் 1994-இல் ஆலை மூடப்பட்டது. கழிவை அகற்றும் வேலையோ அதன்பிறகும் ஆண்டுக்கணக்கில் நீண்டது.

நம் ஊர்களிலே பங்காளி என்றொரு சொல் உண்டு. தந்தையின் நிலத்திலே பங்கு கேட்பவன், "கடனிலே எனக்குப் பங்கில்லை" என்றால் ஊர் சிரிக்கும். பங்குச் சந்தையின் சட்டமோ அதைத்தான் சொல்கிறது! போட்ட பணத்துக்கு மேல் எந்தப் பொறுப்பும் இல்லை என்று பங்குதாரருக்கு உறுதி தருகிறது. அந்த ஏற்பாடு இல்லையேல் பெருந்தொழில் எழும்பாது என்பதை அறிவோம். ஆனால் சட்டம் விடுவித்ததாலேயே மனச்சான்றும் விடுவித்துவிடுமா?

"உன் செல்பேசியைக் கடலில் எறிவாயா?" என்றார் நண்பர். நல்ல கேள்வி, சற்றே திணறினோம். எறியமாட்டோம். கழிவைக் காக்கும் செலவையும் சேர்த்து விலை கேட்டால் கொடுப்போம். அந்தச் செலவைக் கணக்கில் எழுதாமல் விட்டு, மிச்சத்தை இலாபமென்று பகிர்ந்தால், அது எவரோ ஓர் ஊராரின் பணம். எழுதியபின்னும் மிஞ்சுமானால் அது நேர்மையான வருவாய், வாங்குவதிலே தடையில்லை.

"எழுதியிருக்கிறார்களா?" என்று கேட்டோம். நண்பருக்குத் தெரியவில்லை. நிறுவனத்தின் ஆண்டறிக்கையை அடுத்த ஞாயிறு கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை பத்தாயிரம் நம் கணக்கிலேயே இருக்கிறது.