பச்சை ஆடு

பிள்ளைகளின் கையில் வண்ணப் பென்சில் கிடைத்துவிட்டால் ஆடும் மாடும் பூனையும் தாளில் வந்து நின்றுவிடுகின்றன. எழுமலையில் மலையடிவாரத்து மேய்ச்சலைக் கண்டு வளரும் பிள்ளைகளுக்கு வேறு எது தோன்றும்? பதினைந்து ஆண்டுகளுக்கு முன், என்னிடம் ஓத வந்த சிறுவன் ஒருவன் குறிப்பேட்டின் கடைசித் தாளில் ஓர் ஆட்டை வரைந்திருந்தான். உடல் பச்சை, கால்கள் ஐந்து. நான் அந்தத் தாளைக் கிழித்தேன். அவன் அழவில்லை. ஆனால் அதன்பின் எதையும் என்னிடம் காட்டவுமில்லை.

உருவம் வரைவது பற்றிய எச்சரிக்கைகள் ஆதாரமற்றவையல்ல. படம் வரைந்து பிழைத்த ஒருவரிடம், வரைந்துதான் ஆகவேண்டுமென்றால் மரத்தையும் உயிரற்றவற்றையும் வரையும்படி இப்னு அப்பாஸ் (ரலி) கூறிய செய்தி புகாரியில் உள்ளது. இமாம் நவவி (ரஹ்) இதில் மிகக் கண்டிப்பானவர். எனினும் சிறுமியரின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு அறிஞர்களில் பெரும்பாலோர் விலக்களித்தனர். அச்சலுகை தாளில் வரையும் படத்துக்கும் உண்டா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அதை இங்கே தீர்க்க நான் முனையவில்லை. பருவமடையாப் பிள்ளையின் செயலுக்குக் குற்றம் எழுதப்படுவதில்லை என்பதையோ நாம் அனைவரும் அறிவோம். அப்படியானால் அந்தத் தாளின் முன்னே கேள்விக்குரியவன் யார்? பிள்ளையா, நானா?

அபூதாவூதில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. காற்றில் திரை விலக, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகள் நாயகம் (ஸல்) அவர்களின் கண்ணில் பட்டன. நடுவே துணியாலான இரு சிறகுகளுடன் ஒரு குதிரை. இது என்ன என்று கேட்டார்கள். அதன்மேல் இருப்பது என்ன என்று மறுபடியும் கேட்டார்கள். குதிரைக்குச் சிறகா என்று வியந்தார்கள். சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்ததைக் கேள்விப்பட்டதில்லையா என்று பதில் வந்தது. கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். இந்த ஹதீஸைப் பலமுறை பாடம் நடத்தியவன்தான் நான். சட்டத்தைத் தேடினேன்; அந்தக் கேள்விகளைக் கவனிக்கவில்லை. குருவியை இழந்து வாடிய சிறுவர் அபூஉமைரிடமும் நாயகம் (ஸல்) அவர்கள் அக்குருவியைப் பற்றியே கேட்டார்கள். அந்த ஒரு செய்தியிலிருந்து அறுபதுக்கும் மேற்பட்ட பயன்களை எடுத்துக் காட்டித் தனி நூலே செய்தார் இப்னுல் காஸ் (ரஹ்).

இன்று தாளைக் கிழிப்போர் குறைவு. பிள்ளை வரைந்து முடிக்குமுன்பே கைபேசியில் படமெடுத்துச் சுற்றத்தாருக்கெல்லாம் அனுப்பிவிடுகிறார்கள். அனுப்புவதை நான் குறை சொல்லவில்லை. துபாயில் இருக்கும் அத்தா தம் மகள் வரைந்த பூனையைக் கண்டு மகிழ்வது நல்லதே. பிள்ளைகளின் படங்களை ஊரறியக் காட்டுவதும் புதிதன்று; கேலிச்சித்திரக்காரர் சங்கர் டில்லியில் 1949இல் தொடங்கிய சிறுவர் போட்டிக்குப் பல நாடுகளிலிருந்தும் படங்கள் வந்து குவிந்தன. ஆனால் ‘மாஷா அல்லாஹ்’கள் ஒவ்வொன்றாக வந்து விழ, தாய் கைபேசியையே பார்த்திருக்கிறாள். தாளைப் பிடித்தபடி பிள்ளை அருகில் நிற்கிறது. பூனை ஏன் நீல நிறம் என்று ஒருவரும் கேட்கவில்லை. இதை அனுப்பலாமா என்று பிள்ளையிடமும் கேட்கவில்லை. கிழித்த என் கைக்கும் அனுப்பும் அந்தக் கைக்கும் இடையே தூரம் அதிகமென்று என்னால் சொல்ல முடியவில்லை.

சென்ற ரமலானில் அந்தச் சிறுவனைப் பள்ளிவாசலில் கண்டேன். தாடி வைத்த இளைஞனாகியிருந்தான். பச்சை ஆட்டுக்கு ஐந்தாவது கால் எதற்கு என்று கேட்டேன்.

“ஆடா? ஞாபகமில்லையே ஹஜ்ரத்” என்றான்.