முப்பதோடு முடியும் மீன்கொத்தி

லினோ தகட்டில் செதுக்கி அச்சிடும் லினோகட் படத்தை வாங்குபவர், படத்தின் அடியில் பென்சிலால் எழுதியிருக்கும் ஒரு பின்னத்தையும் சேர்த்தே வாங்குகிறார். 7/30 என்று இருந்தால், அந்தத் தகட்டிலிருந்து எடுத்த முப்பது பிரதிகளில் அது ஏழாவது. முப்பதும் முடிந்தபின் தகட்டின் குறுக்கே உளியால் கீறி அதைப் பாழாக்கிவிடுவதும் உண்டு. முப்பத்தொன்றாவது பிரதி வராது என்பதற்கு அதுதான் உறுதி. படத்தில் இருப்பது ஒரு மீன்கொத்தியாகவோ நாணல் புதராகவோ முயலாகவோ இருக்கும். இயற்கையை இப்படிச் செதுக்கி விற்பதில் எனக்குச் சங்கடம் எதுவும் இல்லை. சங்கடம் அந்தப் பின்னத்தின் கீழ் எண்ணில் இருக்கிறது. இன்னும் நூறு பேருக்குக் கிடைக்கக்கூடிய ஒன்றை, விலை நிற்க வேண்டும் என்பதற்காக முப்பது பேரோடு நிறுத்துவது அறமா? இல்லை என்பதே என் கட்சி.

நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய அச்சுப் பிரதிகள் சில எதற்காக எடுக்கப்பட்டன என்று பார்த்தால், எண்ணிக்கை பெருகுவதே அங்கே புண்ணியமாக இருந்திருக்கிறது. 8-ஆம் நூற்றாண்டில் ஜப்பானியப் பேரரசி ஷோதோகு தாரணி என்னும் பௌத்த மந்திரங்களை அச்சிடச் செய்து, சிறு மர ஸ்தூபிகளுக்குள் வைத்துக் கோயில்களுக்கு அனுப்பினார். மரபு சொல்லும் எண்ணிக்கை பத்து லட்சம். ஸ்தூபிக்குள் சுருட்டி வைத்த தாளை யார் எடுத்துப் படிக்கப்போகிறார்கள்? பெருக்குவதே வழிபாடு. சீனாவின் துன்ஹுவாங் குகையில் கிடைத்த, 868-ல் அச்சான வஜ்ரச்சேதிகா என்னும் பௌத்த சூத்திரத்தின் இறுதியில், வாங் ஜியே என்பவர் தம் பெற்றோர் பொருட்டு எல்லோருக்கும் இலவசமாக வழங்கச் செய்தது என்ற குறிப்பு இருக்கிறது. ஐரோப்பாவில் 1423 என்று ஆண்டு பொறித்த புனித கிறிஸ்டோபர் மரச்செதுக்குப் படம், அந்த முகத்தைப் பார்த்த நாளில் கெட்ட சாவு நேராது என்று வாக்களிக்கிறது. நூறாவது தாளில் அந்தக் காப்பு நீர்த்துப்போகும் என்று எந்தப் பக்தரும் அஞ்சியிருக்க மாட்டார். பென்சில் கையெழுத்தும் எண்ணிக்கை வரம்பும் பரவியதெல்லாம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஓவியர் விஸ்லர் போன்றோர் காலத்தில். புகைப்பட முறையால் எந்தப் படத்தையும் மலிவாகப் பெருக்கலாம் என்று ஆன பிறகு. அச்சின் இயல்பு கேட்காத அந்த வரம்பைச் சந்தை கேட்டது.

லினோவின் பூர்வீகமோ இன்னும் எளியது. ஆளிவிதை எண்ணெய், தக்கைத் தூள், மரப்பிசின் ஆகியவற்றைச் சணல் துணியில் படியவைத்த தரைவிரிப்பு அது. இங்கிலாந்தில் ஃபிரெடரிக் வால்டன் 1863-ல் காப்புரிமை பெற்றது. மரத்தில் ஓடும் ரேகை இதில் கிடையாது என்பதால் உளி எந்தப் பக்கமும் போகும். வியன்னாவில் கலை ஆசிரியர் ஃபிரான்ஸ் சிசெக் குழந்தைகள் கையிலேயே இதைக் கொடுத்தார். 1926 முதல் லண்டன் குரோவனர் கலைப்பள்ளியில் லினோகட் கற்பித்த கிளாட் ஃபிளைட், ஒரு படம் ஒரு கோப்பை பீருக்கோ சினிமா டிக்கெட்டுக்கோ ஆகும் காசில் கிடைக்க வேண்டும் என்று கனவு கண்டார். ஆனால் அவரும் அவருடைய வட்டமும் பெரும்பாலும் ஐம்பது, அறுபது பிரதிகளோடு நிறுத்திக்கொண்டார்கள். அவருடைய வட்டத்தைச் சேர்ந்த சிரில் பவர், சிபில் ஆண்ட்ரூஸ் படங்கள் இன்று ஏலத்தில் பல்லாயிரம் பவுண்டுக்குப் போகின்றன. சினிமா டிக்கெட் கனவைத் தோற்கடித்தது பணக்காரர்களின் பேராசை மட்டும் என்று சொல்ல முடியவில்லை. கனவு கண்டவர்களே போட்ட கீழ் எண்ணுக்கும் அதில் பங்கு உண்டு.

தகடு கலைஞருடையது, உழைப்பும் அவருடையது, அதை அழிக்கவும் அவருக்கு உரிமை உண்டு என்பார்கள். இந்த வாதத்துக்கு வேர் தேடினால் தத்துவவாதி ஜான் லாக் 1689-ல் வெளியிட்ட அரசியல் நூலுக்குத்தான் போக வேண்டும். இயற்கை எல்லோருக்கும் பொது. ஒருவர் தம் உழைப்பை அதனோடு கலக்கும்போது கலந்த பகுதி அவருடைமை ஆகிறது. அந்தக் கணக்கில் பறக்கும் மீன்கொத்தி யாருடையதும் இல்லை, செதுக்கிய மீன்கொத்தி செதுக்கியவருடையது. சரி. ஆனால் லாக் கூடவே இரண்டு நிபந்தனைகளையும் வைக்கிறார்: மற்றவர்களுக்கும் போதிய அளவு மிஞ்ச வேண்டும், கெடுத்து வீணாக்குவதற்காகக் கடவுள் எதையும் மனிதனுக்குக் கொடுக்கவில்லை. முதல் நிபந்தனையை அச்சுக் கலைஞர் மீறவில்லை, பறவை இன்னும் ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. இடறுவது இரண்டாவதில். அழுகும் பழத்துக்குச் சொன்னதை லினோ தகட்டுக்கு நீட்டலாமா என்று கேட்டால், நீட்டலாம் என்றே நினைக்கிறேன். தின்ன முடியாமல் அழுகவிட்டவரைக் கண்டிக்கும் நியாயம், இன்னும் உழைக்கக்கூடிய ஒன்றை வேண்டுமென்றே கீறுபவரை எப்படி விட்டுவிடும்?

வலுவான ஆட்சேபம் வயிற்றுப்பாடு பற்றியது. வரம்பு இல்லாவிட்டால் வாங்குபவர் நாளை பார்க்கலாம் என்று போய்விடுவார். முப்பதுதான் என்றால் இன்றே வாங்குவார். உண்மைதான். ஆனால் அப்போது விற்பது மீன்கொத்தியை அல்ல, கைநழுவிவிடுமோ என்ற பயத்தை. ஒவ்வொரு பிரதிக்கும் மை உருட்டி, தாளைப் பிசகாமல் பொருத்தி, கரண்டியின் முதுகால் தேய்த்து, காயவைத்து எடுக்கும் வேலை இருக்கிறது. அந்த வேலைக்கும் செதுக்கிய நாட்களுக்கும் கூலி வைத்து விலை சொல்வதில் ஒளிப்பதற்கு எதுவும் இல்லை. முப்பத்தொன்றாவது பிரதியைக் கேட்க ஆளே வரமாட்டார் என்றால் வரம்பு வீண். வருவார் என்றால் அவரிடம் இல்லை என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். பெருகினால் தனித்தன்மை போய்விடும் என்பதும் காரணமாகாது. ஜெர்மனியின் ஹெரன்ஹவுசன் தோட்டத்தில் ஒரே மாதிரி இரண்டு இலைகளைத் தேடிக் கிடைக்காமல் போன கதையைத் தத்துவவாதி லைப்னிட்ஸ் எழுதியிருக்கிறார். கோடிக்கணக்கில் இருப்பதால் எந்த இலையும் தன் தனித்தன்மையை இழக்கவில்லை; கையால் எடுத்த பிரதிகளிலும் மை ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும்தான் விழுகிறது. கலை இயற்கை செயல்படும் விதத்தைப் பின்பற்றுகிறது என்ற இறையியலாளர் தாமஸ் அக்வினாஸின் கருத்தைக் கலை அறிஞர் ஆனந்த குமாரசாமி விடாமல் வற்புறுத்தினார். அதை ஏற்பவருக்கு இலையின் வடிவத்தைப் பார்த்துச் செதுக்கினால் மட்டும் போதாது. மரம் இலை விடும் தாராளத்தையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

தகட்டை அழிப்பது பற்றறுப்பு என்று சொல்பவர்களும் உண்டு. திபெத்தியத் துறவிகள் நாட்கணக்கில் இழைத்த மணல் மண்டலத்தைக் கலைத்துவிடவில்லையா என்பார்கள். கலைக்கிறார்கள், அந்த மணலை ஆற்றில் விட்டு, அதன் அருள் எங்கும் பரவட்டும் என்றும் வேண்டுகிறார்கள். கலைத்ததால் யாரிடமும் எதுவும் விலையேறுவதில்லை. துறந்தவருக்கு லாபம் தரும் துறவைத் துறவு என்று ஒப்ப எனக்கு மனமில்லை.

நேர்மையான வரம்பே கிடையாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். பிக்காசோவால் பெயர் பெற்ற குறைப்பு முறையில், ஒரே தகட்டில் ஒரு நிறத்தை அச்சிட்டபின் மேலும் செதுக்கி அடுத்த நிறத்தை அச்சிடுகிறார்கள். கடைசி நிறம் விழும்போது முதல் நிறத்துக்கான முகமே தகட்டில் இராது. எத்தனை பிரதி என்பதைத் தொடக்கத்திலேயே, படம் தேறுமா என்று தெரியாதபோதே, முடிவு செய்தாக வேண்டும். அங்கே கீழ் எண்ணை எழுதுவது வேலைமுறைதான். ஒரே நிறத்தில் எடுக்கும் தகடும் என்றென்றைக்கும் உழைக்காது. லினோ நாளாக நாளாக இறுகி நொறுங்கும், மெல்லிய கோடு முதலில் போகும். ஏற்கெனவே முப்பது என்று வாக்குக் கொடுத்து விற்றவர் அந்த வாக்கைக் காக்கத்தான் வேண்டும், அதில் சலுகை இல்லை. அடுத்த தகட்டுக்கு மேல் எண்ணும் அச்சிட்ட ஆண்டும் போதும். வாங்குபவருக்குத் தம் கையில் இருப்பது ஏழாவது பிரதி என்பது தெரியும். எத்தனையில் ஏழாவது என்பது, கோடு தேய்ந்து தகடு நின்ற பிறகு கலைஞருக்கே தெரியவரும்.