தெய்வமாக்கலும் நினைவுகூரலும்

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நிகழும்போது, 'கல்வெட்டு' எனப்படும் சிறுநூலொன்றை அச்சிட்டு வழங்குவது வழக்கம். இறந்தவரின் வம்சாவளி, வாழ்க்கை வரலாறு, சுற்றத்தார் புலம்பல், தேவார திருவாசகங்கள் ஆகியன அதில் இடம்பெறும். 2022ஆம் ஆண்டில் என் அன்னையார் மறைந்தபோது அவரது வரலாற்றை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. அவர் இருபத்தாறு ஆண்டுகள் அரசாங்க வைத்தியசாலைகளில் தாதியாகக் கடமையாற்றியவர். நான் பேனாவை எடுக்குமுன்னரே பெரியப்பா முதல் வாக்கியத்தைச் சொல்லித் தந்தார். அம்மா தியாகத்தின் திருவுரு, நடமாடிய தெய்வம் என்பதே அவ்வாக்கியம். அதனை என்னால் எழுத முடியவில்லை. இறந்தோரை நினைவுகூர்தல் நம் கடன் என்பதை யாவரும் ஒப்புவர். ஆயின் எவ்வாறு நினைவுகூர்ந்தால் அக்கடன் தீரும் என்ற வினா அன்று என்னுள் எழுந்தது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நன்றி பாராட்டுதலை நம்மவர் 'நன்றியறிதல்' என்றனர். அச்சொல்லினுள்ளே அறிவும் அடங்கியிருத்தல் கவனிக்கத்தக்கது. நமக்குச் செய்யப்பட்டது யாது, அதனைச் செய்தவர் அதற்காக எதனை இழந்தார் என அறியாதவரிடத்து நன்றி முழுமை பெறுவதில்லை. தெய்வத்துக்குக் களைப்பில்லை, கால்வலி இல்லை, மாதச் சம்பளமும் வேண்டியதில்லை. ஆகவே ஒருவரைத் தெய்வமென்று சொல்லும்போது அவர் கொடுத்ததன் விலையை நாம் அழித்துவிடுகின்றோம். அள்ள அள்ளக் குறையாத இடத்திலிருந்து வந்த கொடைக்கு யார் கணக்குப் பார்ப்பார்? உயர்ந்த புகழ்ச்சி போலத் தோன்றும் இது, உண்மையில் ஒருவகை மறதியே எனலாம்.

தாதித் தொழில் இம்மறதிக்குப் பெரிதும் ஆளாகியுள்ளது. அது கருணையின் வெளிப்பாடாகவே பேசப்படுகின்றது. அது ஓர் அறிவு என்பது அரிதாகவே நினைக்கப்படுகின்றது. இலங்கையில் 186,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவான 2017ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். டெங்கு நோயிலே காய்ச்சல் தணியும் வேளையே ஆபத்துத் தொடங்கக்கூடிய வேளையாகும். உறவினர் மகிழும் அத்தருணத்தில் இரத்த நாளங்களிலிருந்து நீர்ப்பகுதி கசியத் தொடங்கலாம். கொடுக்கப்படும் திரவம் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. எனவே நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், உட்சென்ற நீர், வெளியேறிய சிறுநீர் ஆகியவற்றை அடிக்கடி அளந்து குறித்தல் வேண்டும். இரவு இரண்டு மணிக்குச் சிறுநீரின் அளவு குறைந்திருப்பதைக் கண்டு வைத்தியரை எழுப்பும் தாதியின் செயலில் கருணை உண்டு. எனினும் அந்நேரத்தில் நோயாளியைக் காப்பது பிழையற்ற அளவீடே.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்தின் நான்கு கூறுகளைச் சொல்லுமிடத்து, நோயாளியின் அருகிருந்து துணைபுரிபவரையும் ஒரு கூறாக வைத்தமை இவ்விடத்து நினைக்கத்தக்கது. அங்கு அவர் வைத்தியருக்குப் பின்னின்று விளக்கேந்தும் அலங்காரமல்லர்.

விளக்கு என்றதும் புளோரன்ஸ் நைற்றிங்கேல் நினைவுக்கு வருவார். 1854இல் கிரிமியப் போரின்போது ஸ்கூட்டாரி இராணுவ மருத்துவமனைக்குச் சென்ற அவரை, 'விளக்கேந்திய சீமாட்டி' என்றே பள்ளிப் புத்தகங்கள் நமக்கு அறிமுகம் செய்தன. படைவீரருட் பெரும்பாலோர் போர்க்காயங்களால் அன்றித் தடுக்கக்கூடிய நோய்களாலேயே மாண்டனர் என்பதைப் புள்ளிவிபரங்களாலும் வரைபடங்களாலும் 1858இல் நிறுவிக் காட்டியவரும் அவரே. விளக்கு நிலைத்தது, கணக்கு மறைந்தது. புகழப்பட்டமையாலேயே அவரிற் பாதி மறக்கப்பட்டது.

இதனை நான் நூல்களிலிருந்து மட்டும் கற்கவில்லை. அதே 2017ஆம் ஆண்டில் பதினான்கு வயதினனாக இருந்த எனக்கும் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் மாலை அம்மா இரவுக் கடமைக்குப் புறப்பட்டார். விடுதியில் ஆளணி போதவில்லை. "உங்களுக்கு வாட்டிலை கிடக்கிற பிள்ளையள்தான் பிள்ளையள்" என்று நான் கத்தினேன். அவர் மறுமொழி கூறவில்லை. கலண்டர்த் தாளொன்றின் பின்புறத்தில் அடிமட்டம் வைத்துக் கோடுகள் கீறி, நேரம், வெப்பநிலை, குடித்த நீர், கழித்த சிறுநீர் எனத் தலைப்பிட்டு அம்மம்மாவிடம் கொடுத்தார். பரசிற்றமோல் தவிர வேறு குளிசை கொடுக்கக்கூடாதென்றும், வயிற்றுவலியோ வாந்தியோ கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்படியும் அதன் அடியில் எழுதினார். பின்னர் சென்றுவிட்டார். எனக்கு வந்தது டெங்கு அன்று என்பது பின்னர் தெரிந்தது. ஆயினும் அவ்விரவை நான் பல ஆண்டுகள் அவர்மீதான குற்றச்சாட்டாகவே வைத்திருந்தேன்.

நம் அகப்பாடல்களில் நற்றாயும் செவிலித்தாயும் வேறுவேறு மாந்தர். என் அன்னையோ ஒரே உடலில் இருவராகவும் வாழ வேண்டியிருந்தது. வீட்டில் செவிலியாக வந்த அவரது அன்பை, கோடு கீறிய கடதாசியில் அடையாளங்காண எனக்குத் தெரியவில்லை. அதேவேளை, தியாகம் என்ற சொல்லால் அவ்விரவை மூடிவிடவும் நான் விரும்பவில்லை. அத்தியாகத்தில் என் பங்கும் அம்மம்மாவின் உறக்கமும் இருந்தன. போதிய தாதியர் இருந்திருப்பின் அது தேவைப்பட்டிருக்கவும் மாட்டாது. ஒரு சமூகம் ஒழுங்காகச் செய்யவேண்டியதைச் செய்யாதுவிட்டு, அதனால் விளைந்த சுமையைத் தியாகமென்று போற்றுவது அறமாகுமா?

இறந்தவர் திரும்பி வந்து பதில் சொல்ல இயலாது. ஆதலால் அவரைப்பற்றி நல்லதையே பேசவேண்டும் என்று சிலர் வாதிக்கலாம். இவ்வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அது அவதூற்றைத் தடுக்கும் நியாயமேயன்றி உண்மையைத் தடுக்கும் நியாயமன்று. மேலதிக நேரக் கொடுப்பனவு தாமதித்தபோது அம்மா சினந்தார். நரம்பு புடைத்த கால்களை வாங்கின்மேல் நீட்டிவைத்து, எவரும் பேசக்கூடாதென்று அரைமணி நேரம் கண்மூடிக் கிடப்பார். இவற்றைச் சொல்வதால் அவர் சிறியவராகிவிடவில்லை. இத்தனைக்கும் பிறகும் மறுநாள் வெள்ளைச் சீருடையை மினுக்கி அணிந்து சென்றவர் அவர் என்பது அப்போதுதான் பொருள் பெறுகின்றது.

பராமரிப்பின் அறவியலை ஆராய்ந்த நெல் நொடிங்ஸ், நாம் பராமரிக்கப்பட்ட நினைவே பிறரைப் பராமரிக்கவேண்டுமென்ற அறவுணர்வுக்கு ஊற்றாகின்றதென 1984இல் வெளிவந்த தமது நூலில் வாதித்தார். இக்கருத்தை ஏற்போமாயின் நினைவின் உண்மை மேலும் முக்கியமாகின்றது. தெய்வத்தை வணங்கலாம், பின்பற்ற இயலாது. களைத்த ஒரு பெண் செய்த காரியத்தையோ, களைத்த நாமும் செய்து பார்க்கலாம்.

கல்வெட்டில் நான் எழுதிய வரலாறு ஒன்றரைப் பக்கமே. அவர் பணியாற்றிய விடுதிகள், கற்ற பயிற்சிகள், கால்வலி, கலண்டர்த் தாள் ஆகியன அதில் இருந்தன. கொடுப்பனவு பற்றிய வரியைப் பெரியப்பா வெட்டிவிட்டார். வெட்டிய அவ்வரியை இம்மலரிலே சேர்த்துள்ளேன்.