கெண்டைக்கால் குறிப்புகள்

1
விளக்கை அணைத்ததும் இடது கெண்டைக்காலில் துடிப்பு. பேருக்கேற்றாற்போல் தோலுக்கடியில் ஒரு கெண்டைக்குஞ்சு புரள்கிறது. செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரே இடத்தில் சதை எழும்பி எழும்பி அடங்கியது. மூன்று மாதமாக இப்படித்தான்.

2
எழுந்து நுனிக்காலில் நின்றேன். குதிகாலால் கூடம் முழுக்க நடந்தேன். பலம் இருக்கிறது. பத்து நிமிஷம் நிம்மதி. பிறகு தையல் டேப்பை எடுத்து இரண்டு கெண்டைக்காலையும் அளந்தேன். இடது அரை சென்டிமீட்டர் குறைவு. அந்த அரை சென்டிமீட்டரோடு விடியும்வரை கிடந்தேன்.

3
நரம்பியல் மருத்துவர் முழங்காலில் சுத்தியலால் தட்டினார். கையை மடக்கச் சொல்லி இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். "பலம் குறையலை, சதை வத்தலை. நீங்க பயப்படற ஏ.எல்.எஸ்.ங்கிற நரம்பு நோயில பொதுவா முதல்ல வேலைதான் தடைப்படும். பொத்தான் போட வராது, கால் தடுக்கும்" என்றார்.

ஒரு நரம்பிழை தன் பொறுப்பிலுள்ள தசைநார்க் கொத்தைத் தானாக ஒருமுறை சுண்டிவிடுகிறது. அதுதான் இந்தத் துடிப்பு. காபி, தூக்கக்குறைவு, உடல் களைப்பு, மனக்கவலை எல்லாம் அதைக் கூட்டும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இப்படி வெறும் துடிப்பு மட்டும் இருந்த 121 பேரை 2 முதல் 32 ஆண்டுகள்வரை கவனித்து, 1993இல் எழுதினார்கள். ஒருவருக்கும் அந்த நோய் வரவில்லை. இதே பயத்தோடு மருத்துவர்களே வருவதுண்டாம்.

4
அம்மாவிடம் போனில் சொன்னேன். "வலக்கண் துடிச்சா ஆம்பளைக்கு நல்லதுன்னு உங்க அப்பாயி சொல்லுவாங்களேப்பா" என்றாள்.

உண்மைதான். சின்ன வயதில் கண் துடித்தால் தபால்காரருக்காகத் திண்ணையில் காத்திருப்பேன். அன்று நல்ல சகுனம், இன்று கெட்ட சகுனம். துடிப்பைத் துடிப்பாக நான் ஒருநாளும் விட்டதில்லை. அதற்கு ஒரு சேதியை ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

5
மாலைக் காபியை நிறுத்தினேன். டேப் தையல் பெட்டிக்குப் போய்விட்டது. நுனிக்காலில் நின்று பார்க்கத் தோன்றும்போது, "பார்த்தாயிற்று" என்று மெல்லச் சொல்லிக்கொள்கிறேன். பலம் குறைந்தால் மருத்துவரிடம் போவேன். அதுவரை நான் காவல் இருக்க வேண்டியதில்லை. துடிப்பு தானாக வருகிறது. தேடுவது நான். என்னால் விட முடிந்தது அந்தத் தேடலை மட்டும்தான். அதுவும் ஒரேயடியாக அல்ல, ஒரு இரவுக்கு ஒருமுறையாக.

6
நேற்றும் துடித்தது. கை போர்வைக்குள் காலைத் தேடிப் போனது. பாதி வழியில் நிறுத்தி நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டேன். அங்கேயும் ஒரு துடிப்பு. நான் ஒருநாளும் காவல் இருக்காமலே இத்தனை வருஷம் நடந்திருக்கிறது. அதைக் கேட்டபடியே தூங்கிப்போனேன்.