அசல் எது?

ஒரு பொருளின் உண்மை அதன் வடிவத்தில் இருக்கிறதா, அது யாருக்காகப் பிறந்தது என்பதில் இருக்கிறதா? கிளிநொச்சியில் மின் கிற்றார் பயிலும் மாணவர் சிலரின் வாதமே நம்மை இவ்வினாவுக்கு இட்டுச் சென்றது. அறுபது ஆண்டுகளுக்கு முந்திய மலிவுக் கிற்றார்களை இன்று அதே உருவில் மீண்டும் செய்து விற்கின்றனர். பழையதே அசல் என்றார் ஒருவர். புதியதே நன்று என்றார் மற்றவர்.

பழையதன் பிறப்பை முதலில் நோக்குவோம். நதன் டானியல் என்பவர் 1947இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் டானெலக்ட்ரோ நிறுவனத்தைத் தொடங்கினார். கிற்றார் செய்ய முற்பட்டபோது அவர் விலையுயர்ந்த மரத்தை நாடவில்லை. சாதாரண மரச்சட்டத்தின்மேல் அழுத்திய மரநார்ப் பலகையைப் பொருத்தினார். தந்தியின் அதிர்வை மின்னாக்கும் காந்தச் சுருளை உதட்டுச்சாயக் குழாயினுள் அடைத்தார். சியர்ஸ் நிறுவனம் அவற்றைச் சில்வர்டோன் என்ற பெயரில் தபால்மூலம் விற்றது. 1960களின் தொடக்கத்தில் வந்த ஒரு வகையில் கிற்றார்ப் பெட்டிக்குள்ளேயே ஒலிபெருக்கியும் இருந்தது. விலை எழுபது டொலருக்கும் குறைவு. தொழிலாளியின் பிள்ளைக்கும் இசை கைக்கெட்டியது.

1969இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. 1990களின் பிற்பகுதியில் அப்பெயரை வாங்கிய வேறொரு நிறுவனம், கொரியாவிலும் பின்னர் சீனாவிலும் பழைய உருவங்களை மீண்டும் செய்வித்தது. பழையதில் கழுத்து வளைந்தால் நிமிர்த்த வழியில்லை. புதியதில் திருகாணியைத் திருப்பினால் போதும். ஆயினும் பழையதன் குறைகளையே குணமென்று போற்றுவோர் உளர்.

வன்னி மக்களுக்கு இதில் மயக்கம் வேண்டியதில்லை. 1990களில் இங்கு மின்சாரம் இல்லை. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி நாம் வானொலி கேட்டோம். அதன் கரகரப்பு இனிமையானது என்று இன்று எவரும் சொல்வதில்லை. செய்தியறியாது முடங்கிக் கிடக்க மறுத்த மனத்தையே மதிக்கிறோம். இல்லாமையை வணங்குவது வேறு. இல்லாமையை வென்ற அறிவை வணங்குவது வேறு.

அப்படியாயின், சேகரிப்போரின் கண்ணாடிப் பேழைக்குள் ஏறிவிட்ட பழைய கிற்றாரைவிட, மாணவன் கையிலுள்ள புதியதே மூலத்தின் நோக்கத்துக்கு நெருக்கமானது. ஆனால் வாதம் இங்கு முடிந்துவிடவில்லை. வாங்குபவனுக்கு மலிவானது, செய்பவனுக்கு என்ன விலையில் கிடைக்கிறது?

தென்கொரியாவின் கோர்ட் நிறுவனம் தன் பெயரில் மட்டுமன்றி, புகழ்பெற்ற பிற பெயர்களுக்காகவும் கிற்றார் செய்தது. 2007இல் அது தன் கொரியத் தொழிற்சாலைகளை மூடியது. உற்பத்தி இந்தோனேசியாவிலும் சீனாவிலும் தொடர்ந்தது. வேலையிழந்த தொழிலாளர் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் போராடி, 2019இல்தான் உடன்பாடு கண்டனர். கிற்றாரில் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. அவர்களின் கைகள் எங்கும் பொறிக்கப்படவில்லை.

இது நமக்குத் தொலைதூரக் கதையன்று. கிளிநொச்சியிலிருந்தும் இளம்பெண்கள் விடியலில் பேருந்தேறி ஆடைத் தொழிற்சாலைகளுக்குச் செல்கின்றனர். அவர்கள் தைக்கும் ஆடைகளும் வெளிநாட்டுப் பெயர்களையே தாங்கிச் செல்கின்றன.

ஆகவே மாணவ நண்பர்களுக்கு நாம் கூறுவது இதுவே: புதிய கிற்றாரை வெட்கமின்றி வாசியுங்கள். ஆனால் அசலா நகலா என்று கேட்கும்போது, செய்த கைக்குரியது சேர்ந்ததா என்றும் கேளுங்கள். எளியவன் கைக்கு எட்டுவதும், எளியவனை வஞ்சியாமல் பிறப்பதும் ஒருங்கே கூடும் பொருளே அசல். அத்தகைய அசல் இன்னும் செய்யப்படவில்லை. அதைச் செய்விப்பது நம் கடமை.