அளவை

நாழி, உழக்கு, மரக்கால் கொண்டு பொருளை முகந்து வரையறுப்பதையும், மெய்ப்பொருளை அறியத் தர்க்க நூலார் வகுத்த பிரமாணங்களையும் தமிழில் ‘அளவை’ என்ற ஒரே சொல் குறிப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றுவதில்லை. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பதியாகிய இறைவனின் இயல்பை நிறுவப் புகுமுன் அளவையைப் பேசினார். எதைக்கொண்டு அறிந்தோம் என்று சொல்லமாட்டாதவன் எதை அறிந்தோம் என்று சாதிக்கத் தகுதியற்றவன் என்பது அவர் உட்கிடை போலும். பலர் பலவாகப் பெருக்கிய அளவைகளையெல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அவர் அடக்கிவிட்டார்.

கட்புலனாகாத பொருளைப் பற்றிய விசாரம் கடவுளைப் பற்றியதாகவே இருக்கவேண்டும் என்ற நியதி இல்லை. கொங்கு நாட்டுக் கரும்பாறையின் வெடிப்புகளுக்குள் நிற்கும் நீரும் அத்தகைய பொருளே. நிலத்தடி நீர் செல்லும் வழி மனிதர் அறியக்கூடியதன்று, ஆகையால் ஆற்றுக்குரிய நியாயம் அதற்குச் செல்லாது என்று 1843-இல் இங்கிலாந்து நீதிபதிகள் தீர்த்தார்கள். 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டமும், வரையறுத்த கால்வாயில் ஓடாத அடிநீரைத் தன் எல்லைக்குள் திரட்டிக்கொள்ளும் உரிமையை நிலத்தை உடையவனுக்கே வழங்கியது. அறியாமையிலிருந்து ஓர் உடைமை பிறந்த விசித்திரத்தை இங்கே காண்கிறோம்.

ஒவ்வொருவரும் எவ்வளவு நீர் இறைக்கிறார் என்பதற்குக் காண்டல் அளவையாக இங்கே நிற்கக்கூடியது மின் மீட்டர் ஒன்றே. ஆனால், 1990 முதல் உழவர் அனைவருக்கும் மின்சாரம் இலவசமாகிவிட்ட தமிழ்நாட்டில் பெரும்பாலான பம்பு செட்டுகளுக்கு மீட்டர் கிடையாது. மீட்டர் என்றவுடன் உழவர் முகம் சுளிப்பதைப் பேதைமை என்று நகைப்பவர்கள், மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970-இல் திரண்டவர்களுள் சிலர் பெருமாநல்லூரில் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானதையும், 1972-இல் கோவை வீதிகளை மாட்டுவண்டிகள் நிறைத்ததையும் ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நலம். அளக்க வருபவன் பின்னாலேயே தண்டுபவனும் வருவான் என்பது அவர்கள் அனுபவத்தால் பெற்ற அனுமானம்.

எஞ்சிய கருதல் அளவையைத்தான் அரசாங்கம் கைக்கொண்டிருக்கிறது. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தார் ஆண்டுக்கு நான்கு முறை நோக்குக் கிணறுகளில் நீர்மட்டம் பார்க்கிறார்கள். குறுவட்டந்தோறும் கிணறுகளை எண்ணி, ஒரு கிணறு ஓராண்டில் இறைக்கும் நீரைச் சராசரியாகக் கணித்து, இரண்டையும் பெருக்கி, எடுக்கத்தக்க நீரோடு ஒப்பிடுகிறார்கள். எழுபது சதவிகிதம் வரை பாதுகாப்பானது. நூறைக் கடந்தால் அளவுக்கு மீறியது. குற்றம் சொல்லத் தகாத முறைதான். எனினும், புகையைக் கொண்டு ஊரில் நெருப்பு உண்டென்று துணியும் தார்க்கிகனுக்கு எந்த வீட்டு அடுப்பு எரிகிறது என்று தெரியாதது போல, குறுவட்டம் வரம்பு கடந்ததை அறிவிக்கும் இந்த எண், எந்தத் தோட்டம் கடந்தது என்பதைச் சொல்லமாட்டாது. எனவே ஒவ்வொருவரும் ‘அது நானல்ல’ என்று நிம்மதியாக உறங்க முடிகிறது.

அப்படியானால் உழவரையே கேட்டு எழுதிக்கொள்ளலாமே என்பார்கள். அது உரை அளவை. உரைப்பவன் ஆப்தனாக, அதாவது உள்ளதை உள்ளபடி அறிந்தவனாகவும் பொய்க்கக் காரணம் இல்லாதவனாகவும் இருக்கவேண்டும். இரண்டாவது தகுதியைப் பற்றியே எல்லோரும் ஐயுறுகிறார்கள். எனக்கோ முதலாவதே பெரிய ஐயம். ஏற்றம் இறைத்த காலத்தில் சால் பிடித்தவன் பாட்டோடு பாட்டாகச் சால்களை எண்ணினான். பிள்ளையாரைக் கும்பிட்டுத் தொடங்கிய எண்ணிக்கை, பாத்தி நிறைந்தபோது முடிந்தது. எருது பூட்டிக் கவலை ஓட்டி நீர் இறைத்தவனுக்கோ எருதுகளின் இளைப்பே கணக்காயிற்று. உழைப்பும் அறிவும் ஒரே செயலாக இருந்தன. இன்று மும்முனை மின்சாரம் நடுநிசியில் வருகிறது. ஆட்டோ ஸ்டார்ட்டர் தானே மோட்டாரை எடுத்துவிடுகிறது. தோட்டக்காரர் உறக்கத்தில் இருக்கிறார். விடிந்தபின் அவரிடம் எவ்வளவு இறைத்தீர்கள் என்று கேட்டால், சத்தியமே பேசும் விரதம் பூண்டவராயினும் அவர் என்ன சாட்சி சொல்வார்? வேதாந்திகள் அவித்தையைப் பொய்யினின்று வேறு பிரித்ததன் நுட்பம் எனக்கு நூல்களில் விளங்கியதைவிட இந்த ஸ்டார்ட்டர்ப் பெட்டியின் முன் நன்றாக விளங்கியது. செய்பவன் இல்லாமலே செயல் நடக்கிறது. அதன் பயனுக்கு மட்டும் உரியவன் இருக்கிறான். கீதையின் நிஷ்காம கர்மத்தைத் தலைகீழாக நிறுத்தினால் இப்படித்தான் இருக்கும்.

பங்குக் கிணறுகள் வழங்கிய நாட்களில் இந்தச் சங்கடம் இல்லை. ஒருவர் முறை முடிவதை அடுத்த முறைக்காரர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பற்றற்ற சாட்சி கிடைக்காத இடத்தில், எதிர்ப்பற்றுடைய பங்காளியே சாட்சியானார். அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு நாழிகை அதிகம் இறைப்பது எளிதன்று. இறைத்தால் இன்னாருடைய நீர் என்று பெயர் சொல்லக்கூடிய திருட்டாக அது இருந்தது. பின்னர்க் கிணறு வறண்டது. பங்காளிகள் அவரவர் காட்டில் ஆளுக்கொரு போர் போட்டுக்கொண்டார்கள். நிலம் கைமாறும்போது மட்டும், மாமூல் தடப் பாத்தியத்தோடு ‘கிணற்றில் நாலில் ஒரு பாகம்’ என்ற வரியையும் பத்திரம் எழுதுபவர் பழைய பத்திரத்தைப் பார்த்து இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறார்.